தெர்மகோல் எரிந்த மறுநாளிலிருந்து: பி.எட். வகுப்பில் நான் மாற்றிக்கொண்டவை

செய்முறைத் தேர்வு முடிந்த மறுநாள் காலை கல்லூரிக்குள் நுழையும்போதே அந்த நாற்றம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம், தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். விடுதிக்குப் பின்னால் இருக்கும் குப்பைக் குழியைக் காவலாளி அண்ணன் ஒரு கம்பால் கிளறிக்கொண்டு நின்றார். உள்ளே எரிந்தவை எல்லாம் முந்தின நாள் மாலைவரை எங்கள் கண்காட்சி அறையில் மேசைமேல் இருந்தவை. தெர்மகோல் எரிமலை, தெர்மகோல் சூரியக் குடும்பம், லேமினேட் செய்த சார்ட்டுகள், ஜிகினாத் தூள் ஒட்டிய நீர்ச் சுழற்சி. ஒரு மாடல் மட்டும் பாதிதான் கருகியிருந்தது. மழைநீர் சேகரிக்கும் வீடு. அதற்கு இருபதுக்குப் பதினெட்டு போட்டது நான்தான்.

"ஏண்ணே இங்க வச்சு எரிக்கிறீங்க?" என்றேன்.

"வருஷா வருஷம் இப்படித்தானே மேடம். பஞ்சாயத்து வண்டிக்காரங்க இதை எடுக்க மாட்டேங்கிறாங்க. வேற எங்க கொண்டுபோய்ப் போட?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தெர்மகோலில் பெரும்பகுதி காற்றுதான், பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கினால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. லேமினேட் செய்த தாளையும் யாரும் வாங்குவதில்லை, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டிய பிறகு அதிலிருந்து காகிதத்தைப் பிரிக்க முடியாது. நூறு மாணவர்கள், ஆளுக்குக் குறைந்தது இரண்டு மாடல், பத்துப் பன்னிரண்டு சார்ட். எல்லாம் ஒரே ஒரு நாள் பார்வைக்காக. அப்புறம் குழி.

அது 2019 மார்ச். தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்குத் தடை வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தெர்மகோல் தட்டும் கோப்பையும் அந்தப் பட்டியலில் இருந்தன. மாடல் செய்கிற தெர்மகோல் அட்டை இல்லை, அதனால் சட்டப்படி எங்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஜனவரியில் பதாகை பிடித்து ஊர்வலமும் போயிருந்தோம்.

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்வியியல் கல்லூரியில் உயிரியல் கற்பித்தலும் சூழல் கல்வியும் எடுக்கிறேன். அந்தக் குழியைப் பார்த்த அன்று எனக்குப் பத்து வருட அனுபவம். அந்தப் பத்து வருடமும் "வளங்குன்றா வளர்ச்சிக்கான விழுமியங்கள்" என்ற அலகை ஒரு வரி விடாமல் நடத்தியிருக்கிறேன். சூழல் கல்விக்கு 1977 திபிலீசி மாநாடு சொன்ன ஐந்து நோக்கங்கள்: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. வளங்குன்றா வளர்ச்சிக்கு 1987-இல் ஐ.நா.வின் பிரண்ட்லாண்ட் ஆணையம் கொடுத்த வரையறை. 1991-இல் சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது, 2003-இல் அதை மறுபடி வலியுறுத்தியது. வளங்குன்றா வளர்ச்சிக்கான கல்விக்கென்று 2005 முதல் 2014 வரை ஐ.நா. அறிவித்த பத்தாண்டு, 2015-இல் வந்த 17 வளங்குன்றா வளர்ச்சி இலக்குகள், அதில் இந்தக் கல்வியைச் சொல்கிற 4.7-ஆம் துணை இலக்கு. மாணவர்கள் அத்தனையும் எழுதுவார்கள், நல்ல மதிப்பெண்ணும் வாங்குவார்கள். திபிலீசியின் ஐந்தில் மூன்றாவதான மனப்பான்மையும் ஐந்தாவதான பங்கேற்பும் எங்கள் கல்லூரி வளாகத்துக்குள் எங்கே இருக்கின்றன என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

இங்கே எழுதுவது அதற்குப் பிறகு செய்துபார்த்தவை. பலன் தந்தவையும் உண்டு, தோற்றவையும் உண்டு. பயிற்சி ஆசிரியர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு உதவலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் தெர்மகோல். அடுத்த ஆண்டு வகுப்பில் போய் "இனி தெர்மகோல் கூடாது" என்றவுடன் முகங்கள் மாறிவிட்டன. பயம்தான். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர்கள் வருவார்கள், மேசை பளபளப்பாக இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று மூத்த மாணவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். இந்தப் பயத்தை வைத்துத்தான் பேருந்து நிலையத்துப் பக்கம் கடைகள் நடக்கின்றன. மாடல் வேண்டுமா, சார்ட் வேண்டுமா, ரெக்கார்டு நோட்டு எழுதித் தர வேண்டுமா, எல்லாவற்றுக்கும் விலை உண்டு. ஒரு மாணவி 1,400 ரூபாய் கொடுத்து இதயத்தின் மாடல் வாங்கியிருந்தாள். அவளுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அந்தப் பணம் அந்த வீட்டில் எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், இது குப்பைப் பிரச்சினை மட்டுமல்ல என்று எனக்கு உறைத்தது. காசு கொடுத்து வாங்கிய வேலையைத் தன் வேலை என்று காட்டச் சொல்லி ஒரு வருங்கால ஆசிரியரைப் பழக்குகிறோம், அதற்கு மதிப்பெண்ணும் போடுகிறோம்.

ஆகவே தடை போடுவதை விட்டுவிட்டு மதிப்பெண் பங்கீட்டை மாற்றினேன். அகமதிப்பீட்டில் மாடல், சார்ட் போன்ற துணைக்கருவிக்கு என் கையில் இருந்த மதிப்பெண்ணை மூன்றாகப் பிரித்தேன். வகுப்பில் அது எவ்வளவு உதவியது என்பதற்கு ஒரு பங்கு. என்ன செலவு, எதில் செய்தது என்பதற்கு ஒரு பங்கு. தேர்வு முடிந்த பிறகு அது எங்கே போகும் என்பதற்கு ஒரு பங்கு. மூன்றாவதை எழுதச் சொன்னவுடன் வகுப்பே முழித்தது. அதுவரை யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதே இல்லை.

துணிச் சார்ட் அப்படித்தான் வந்தது. பழைய வேட்டி, பருத்திச் சேலை, மேலும் கீழும் குழல்போல மடித்துத் தைத்து உள்ளே மூங்கில் குச்சி. சுருட்டி வைத்தால் கைக்கு அடக்கமாக இருக்கும், பேருந்தில் கொண்டுபோகலாம், மழையில் நனைந்தாலும் காயவைத்துக்கொள்ளலாம். முதல் வருடம் வந்தவை பார்க்க அழகாக இல்லை. சாயம் பரவிவிட்டது, எழுத்து கோணியது. சோறு வடித்த கஞ்சியைப் போட்டு விறைப்பாகக் காயவைத்த பிறகு வரைந்தால் சாயம் பரவாது என்று ஒரு மாணவனின் பாட்டி சொல்லி அனுப்பினார். அதிலிருந்து சரியாகிவிட்டது.

வெளித் தேர்வாளர் விஷயத்தை நாங்களாகவே முந்திக்கொண்டோம். ஒவ்வொரு மேசையிலும் அரைப் பக்கம் எழுதி வைத்தார்கள்: எதில் செய்தது, எவ்வளவு செலவு, இதை வைத்து எந்த வகுப்புக்கு என்ன நடத்தினேன், அடுத்து யாருக்குப் போகிறது. வந்தவர்களில் ஒருவர் முதலில் "என்ன இவ்வளவு எளிமையா இருக்கு" என்று கேட்டார்தான். அரைப் பக்கத்தைப் படித்துவிட்டு மாணவியிடம் பாடத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். வழக்கமாக மாடலைப் பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள். இதைச் செய்ய நினைப்பவர்கள் முதல்வரிடமும் சக ஆசிரியர்களிடமும் ஜூன் மாதமே பேசிவிடுங்கள். தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் பேசினால் "இந்த வருஷம் வேண்டாம்" என்ற பதில்தான் வரும். எனக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சேர்த்துவைத்த துணைக்கருவிகளுக்கு ஓர் அறை கேட்டு வாங்கினோம், பதிவேடு போட்டோம். அப்புறம் கொரோனாவில் கல்லூரி மூடிக் கிடந்தது. திறந்து பார்த்தால் அட்டையில் செய்தவற்றை எல்லாம் கரையான் தின்றிருந்தது. துணியில் செய்தவை கயிற்றில் தொங்கியதால் தப்பின. சேர்த்து வைப்பதும் ஒரு வேலை, அதற்கு ஆள் வேண்டும், முறை போட வேண்டும். இப்போது மாதம் இரண்டு பேர் அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது பாடக் குறிப்பில் இருந்த ஒரு சொல். எங்கள் பிள்ளைகள் பாடக் குறிப்பு எழுதும்போது நோக்கங்களின் கடைசியில் ஒரு வரி வரும்: "மனப்பான்மை: மாணவர்கள் நீரின் இன்றியமையாமையை உணர்வர்." எந்தப் பாடமானாலும் இதே வரி. நீருக்குப் பதில் காடு, காடு இல்லையென்றால் தேச ஒற்றுமை. நாற்பது நிமிட வகுப்பில் உணர்ந்தார்களா இல்லையா என்பதை எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. நான் ஒரு விதி வைத்தேன். "உணர்வர்" என்று எழுதலாம், ஆனால் பக்கத்திலேயே, உணர்ந்திருந்தால் அந்தப் பிள்ளை வருகிற வாரம் எதைச் செய்யும் அல்லது எதைக் கேட்கும் என்று ஒரு வரி எழுத வேண்டும். "பள்ளிக் குழாயடியில் தேங்கும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துவந்து சொல்வார்கள்." இப்படி ஒரு வரி எழுதத் தெரிந்துவிட்டால் அந்தப் பாடத்தை நடத்தும் விதமே மாறிப்போகிறது. மாணவர்களில் பாதிப் பேருக்கு இதைப் பிடிக்கவில்லை, யோசிக்க நேரம் ஆகிறது என்றார்கள். ஆகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை.

விழுமியம் என்ற சொல்லே வகுப்பில் ஒரு தடையாக இருந்தது. தேர்வுத் தாளுக்கு வெளியே யாரும் அதைப் பேசுவதில்லை. எங்களுக்கு அதற்கான சொல் ஒரு கண்மாய்க் கரையில் கிடைத்தது.

கல்லூரியிலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஒரு நடுத்தரக் கண்மாய் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று 39,000-க்கு மேல் கணக்கில் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் தினமும் பேருந்தில் கடந்துபோகிற ஒன்றின் மடை எத்தனை என்று கேட்டால் தெரியாது. எட்டாம் வகுப்புக்கு நீர்வளம் நடத்தப்போகிற இருபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தண்ணீர் பாய்ச்சுகிற பெரியவர், நீர்ப்பாய்ச்சி என்பார்கள், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்களோடு கரைமேல் நடந்தார். வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, எந்த மடை எந்த வயலுக்கு, நிறைந்தால் கலுங்கு வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மடைக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டிருந்தது. தண்ணீர் அந்தக் கல்லுக்கு மேலே இருக்கும்வரை அவரவர் வாய்க்காலை அவரவர் வெட்டிக்கொள்ளலாம். கல்லுக்குக் கீழே இறங்கிவிட்டால் நிலக்காரர் யாரும் மடைப் பக்கம் வரக்கூடாது, இவர் மட்டும்தான் பாய்ச்சுவார். எல்லா வயலும் ஒருமுறை நனைந்த பிறகுதான் முதல் வயலுக்கு இரண்டாவது நனைப்பு.

"ஏன் தாத்தா, தண்ணி இருக்கும்போது இந்த விதி இல்லையா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"தண்ணி நெறையா இருக்கும்போது எல்லாரும் நல்லவுகதான் தாயி. கொறஞ்சாத்தான் முறை வேணும்."

"உங்களுக்கு வயல் எந்தப் பக்கம்?" என்றான் இன்னொருவன்.

"எனக்கு ஏது வயல். வயல் இருந்தா என் கை மொதல்ல அங்கதான போகும்? அதான் இல்லாதவன்கிட்ட மண்வெட்டியக் குடுத்துருக்காக."

திரும்பி வந்து வகுப்பில் உட்கார்ந்தபோது அவர் சொன்ன "முறை" என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். முறை என்றால் வரிசையில் நமக்கு வரும் வாய்ப்பு, 'என் முறை, உன் முறை' என்று சொல்கிறோமே அது. நியாயமும் முறைதான், 'முறைகேடு' என்பதும் குறள் பேசுகிற செங்கோலின் முறையும் அந்தப் பொருளில்தான். சொந்தமும் முறைதான், 'என்ன முறை வேணும்' என்று கல்யாண வீட்டில் கேட்கிறோம். மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன. பிரண்ட்லாண்ட் வரையறையை, அதாவது வருங்காலத் தலைமுறை தன் தேவையை நிறைவு செய்துகொள்ள முடியாமல் போய்விடாதபடி இன்றைய தேவையை நிறைவு செய்துகொள்வது என்பதை, பத்து வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு மாணவி எழுந்து "அடுத்த முறைக்காரங்களுக்குத் தண்ணி விடுறது, அதானே மேடம்?" என்றாள். நான் தலையாட்டினேன். 'தலைமுறை' என்ற சொல்லுக்குள்ளும் முறை இருக்கிறது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான். அன்றைய வகுப்பு இன்னும் எனக்கு நினைவில் நிற்கிறது.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். மறுநாள் அனுபவக் குறிப்பேட்டில் ஒரு மாணவி எழுதியிருந்தாள், நான்கே வரி. தன் தாத்தாவும் இதே வேலை பார்த்தவர், நிலம் இல்லாதவர் என்பதால் மட்டும் அந்த வேலை வரவில்லை, பிறந்த சாதியால் வந்தது, எல்லார் வயலுக்கும் தண்ணீர் விட்டவர் அந்த வயல்காரர்களின் தெருவில் செருப்பு போட்டு நடக்க முடியவில்லை என்று. கரையில் நாங்கள் எல்லாரும் வியந்து நின்றபோது அவள் ஒன்றும் பேசாமல் வந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகு, பெயர் சொல்லாமல் வகுப்பில் அதைப் பேசினோம். மரபு நீர்மேலாண்மை என்று பெருமையாக நடத்துகிற நாம் அந்த முறைக்குள் யாருக்கு முறை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து நடத்த வேண்டும். பழையதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அந்தக் கல்லும் வேண்டும், அந்த நான்கு வரியும் வேண்டும். அதற்குப் பிறகு கண்மாய்க்குப் போகும்போதெல்லாம் பெரியவரின் கூலியைப் பற்றியும் பிள்ளைகள் கேட்டு எழுதுகிறார்கள். அறுவடையில் களத்தில் நெல்லாக அளப்பது நின்றுபோய், இப்போது பணமாக, அதுவும் எல்லாரும் தருவதில்லை.

சீமைக்கருவேலம் பற்றிய விவாதத்தில் நான் தவறு செய்தேன். எங்கள் பக்கம் சிவகங்கை, ராமநாதபுரம் முழுக்க இந்த மரம்தான். கண்மாய்க்குள் முளைத்துத் தண்ணீர் நிற்கும் இடத்தை அடைத்துவிடும், நாட்டு மரங்களை எழவிடாது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊரெங்கும் அதே பேச்சு, மாணவர்களை அனுப்பிக்கூட வெட்டச் சொன்னார்கள். பின்னாளில் நான் வகுப்பில் அதைப் பற்றி விவாதம் வைத்தேன், ஆனால் முடிவை முன்பே மனதில் வைத்துக்கொண்டு வைத்தேன். எல்லாரும் மரத்தைத் திட்டினார்கள். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், பிராணவாயுவே விடாது, நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது என்று வாட்ஸ்ஆப்பில் வந்ததை எல்லாம் சொன்னார்கள். நானும் திருத்தவில்லை, நோக்கம் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். உயிரியல் ஆசிரியை நான். பச்சை இலை உள்ள மரம் பகலில் பிராணவாயு விடாது என்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

வகுப்பு முடிந்து ஒரு மாணவன் தயங்கித் தயங்கி வந்தான். அவனுடைய அப்பா கரிமூட்டம் போடுகிறவர். இந்த மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுத்து விற்றுத்தான் அவனைப் பி.எட். படிக்கவைக்கிறார். "எங்க பக்கம் மழை பொய்ச்சா வெள்ளாமை இல்ல மேடம், இது ஒண்ணுதான் சோறு போட்டுச்சு. அதை இன்னைக்கு எல்லாரும் விஷம்னு சொன்னாங்க" என்றான். அழவில்லை. நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

அடுத்த வாரம் அதே விவாதத்தை மறுபடி வைத்தேன். முதலில், போன வாரம் நான் திருத்தாமல் விட்ட மூன்று பொய்களைத் திருத்தினேன். அப்புறம் ஆளுக்கொரு இடம்: கண்மாய் ஆயக்கட்டு விவசாயி, கரிமூட்டக்காரர், ஆடு வளர்க்கிற பெண் (அதன் நெற்றை ஆடு விரும்பித் தின்னும், விதை பரவுவதும் அப்படித்தான்), விறகடுப்பு எரிக்கிற வீடு, பொதுப்பணித்துறைப் பொறியாளர். போன வாரம் திட்டியவர்களுக்குக் கரிமூட்டக்காரரின் இடம். அந்த மாணவனை எந்த இடத்திலும் உட்காரச் சொல்லவில்லை, அவன் விரும்பி ஆடு வளர்க்கிற பெண்ணின் பக்கம் பேசினான். இரண்டு மணி நேரம் ஓடியது. கண்மாய்க்குள்ளே இருப்பதை வேரோடு எடுக்க வேண்டும், தரிசில் இருப்பதை ஒரேயடியாக அழிக்காமல் அந்த வேலைக்காரர்களுக்கு ஒரு வழி வரும்வரை முறைவைத்து வெட்ட வேண்டும் என்று ஒரு பகுதியினர் வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நான் முடிவு சொல்லவில்லை. என் கருத்து என்ன என்று கேட்டபோது மட்டும் சொன்னேன், அது என் கருத்து என்றும் சொன்னேன்.

இதிலிருந்து ஒன்று கண்டிப்பாகச் செய்யுங்கள்: கருத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் உங்களுக்குப் பிடித்த கருத்தைத்தான் எழுதுவார்கள், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். நான் மதிப்பெண் போடுவது வேலைக்கு. நேரில் போய்ப் பார்த்தார்களா, அளந்தார்களா, எதிர்த்தரப்பு சொன்னதை அவர்கள் ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல முடிகிறதா, கேள்விப்பட்டதைச் சரிபார்த்தார்களா. மனப்பான்மை மதிப்பெண்ணில் வராது. வரக்கூடாது என்பதுதான் என் கட்சி.

பள்ளிப் பயிற்சிக்குப் போகும்போதுதான் இதெல்லாம் சோதனைக்கு வருகிறது. இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம். எங்கள் மாணவி ஒருத்தி ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பிளாஸ்டிக் பாடம் நடத்தினாள். நன்றாகத் தயாரித்திருந்தாள், மஞ்சப்பையோடு போயிருந்தாள். பாடத்தின் நடுவே ஒரு பையனின் பையிலிருந்து பாலிதீன் கவரில் இட்லி, இன்னொரு குட்டிக் கவரில் சாம்பார் எட்டிப் பார்த்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்து, "இதைத்தான் செய்யக் கூடாதுன்னு சொல்றேன்" என்று வகுப்புக்குக் காட்டிவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த இரண்டு நாள் அந்தப் பையன் வரவில்லை.

அரசின் காலை உணவுத் திட்டம் 5-ஆம் வகுப்பு வரைதான். இவன் எட்டாவது. அம்மா விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவார், இவன் வருகிற வழியில் கடையில் வாங்கி வருவான். டிபன் பாக்ஸ் வைத்து அனுப்ப அந்த வீட்டில் அந்த நேரத்தில் ஆள் இல்லை. மூன்றாம் நாள் அவள் அவன் வீட்டுக்குப் போனாள், தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, தனியாக. மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் அந்தக் கடைக்காரரிடம் போய்ப் பேசியது அந்தப் பையனும் அவன் நண்பர்களும்தான். இலையும் தாளும் வைத்து இட்லி கட்டித் தருவதாக ஒத்துக்கொண்டார், சாம்பார் வேண்டுமென்றால் தூக்குச்சட்டி கொண்டுவரச் சொன்னார். சாம்பார் பிரச்சினை இன்னும் தீரவில்லை என்று அவள் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். அந்த வரியை எழுதியதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

அன்றிலிருந்து எங்கள் பாடக் குறிப்பில், சூழல் தொடர்பான எந்தப் பாடமானாலும், ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது: நான் செய்யச் சொல்கிற இந்த மாற்றத்துக்கு வகுப்பில் யார் அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கும்? முதலில் எல்லாரும் "யாரும் இல்லை" என்று எழுதுவார்கள். திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இதற்கு நடுவே சிறிய வேலைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. கல்லூரி ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயில் பிள்ளைகள் குடம் வைத்து அளந்தார்கள். ஒரு குடம் குடிநீர் வர, கிட்டத்தட்ட இரண்டரைக் குடம் சாக்கடைக்குப் போனது. உப்பு அதிகம் என்பதால் செடிக்கு ஊற்றாமல் கழிவறைத் தொட்டிக்குக் குழாய் இழுத்தோம். நிர்வாகத்தில் காசு கேட்கும்போது விழுமியம் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை, அளந்த தாளைக் காட்டினோம், போதுமாக இருந்தது.

ஒரு வருடம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக்குக் கூட்டிப்போனேன். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர்கள் அவை. சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1977-இல், திபிலீசி மாநாடு நடந்த அதே வருடம். அங்கே யாரும் அந்த மாநாட்டைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எங்கள் பிள்ளைகள் ஊர்க்காரர்களிடம் கேட்ட முதல் கேள்வியே "சின்னப் பிள்ளைகள் ஏங்கிப் போகாதா?" என்பதுதான். கேட்கத் தெரிந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கண்மாய்க்குப் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒருமுறை போய்விட்டு நிறுத்தாதீர்கள், இரண்டுமுறை போங்கள். பங்குனி, சித்திரையில் காய்ந்து கிடக்கும்போது உள்ளே இறங்கி நடக்கலாம், மடையின் வாயையும் வண்டல் ஏறியிருக்கும் உயரத்தையும் தொட்டுப் பார்க்கலாம், முறை பற்றிய பேச்சும் அப்போதுதான் சூடாக இருக்கும். அதே கூட்டத்தைக் கார்த்திகையில், மழை ஏமாற்றாவிட்டால், மறுபடி கூட்டிப்போங்கள். போன முறை போனபோது அந்தக் கல் தண்ணீருக்குள் போயிருந்தது. சித்திரையில் அதன்மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் கரையில் வரிசையாக நின்று, அது எந்த இடம் என்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மண்வெட்டியின் காம்பை நீட்டி, "அந்தா, அதுக்கு நேரா" என்றார்.